முப்பது வயதில் பட்டப்படிப்பு: ஒரு வீட்டுக் கணக்கு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

கல்லூரியில் சேரும் வயது பதினெட்டு என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். விண்ணப்பப் படிவம், உதவித்தொகை, பேருந்துச் சலுகை, வகுப்பு நேரம் எல்லாமே அந்த வயதினரை மனத்தில் கொண்டுதான் அமைந்திருக்கின்றன. ஆனால் பதினெட்டிலோ பத்தொன்பதிலோ படிப்பை விட்டுவிட்டவர்கள் நம் வீடுகளிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் முப்பது வயதுக்குமேல் மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுத்தால் அந்த வீட்டின் வரவு செலவு என்ன ஆகும்? இக்கட்டுரை அதைப் பற்றியது. பொருளியல் துறை நண்பர்கள் இதனை இன்னும் திருத்தமாக எழுதக்கூடும். எனக்குத் தெரிந்தது கூட்டலும் கழித்தலும், எங்கள் வீட்டு நோட்டும்தான்.

எங்கள் ஊர் பள்ளிபாளையம். காவிரிக்கு அக்கரையில் ஈரோடு, இக்கரையில் நாங்கள். தெருவுக்குத் தெரு விசைத்தறிப் பட்டறைகள். அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். இருவருக்கும் சனிக்கிழமைதான் கூலி நாள். என் அக்கா 2012இல் பி.காம். சேர்ந்து, ஓர் ஆண்டு படித்து, திருமணம் முடிந்ததும் நின்றவர். மாமா லாரி ஓட்டுநர். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அக்காவின் குடும்பமும் எங்கள் குடும்பமும் இரு வாசல், ஒரே அடுப்பு. அக்கா ஒரு நூல் கடையில் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறார். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு கடைக் கணக்கெல்லாம் கணினிக்கு மாறியது. அக்கா அதையும் கற்றுக்கொண்டார். ஆயினும், பட்டம் பெற்ற ஒரு பையனை அவருக்கு மேலே அமர்த்தினார்கள். அந்தப் பையனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் அக்காதான். 2024இல், நான் இக்கல்லூரியில் சேர்ந்த அதே ஆண்டில், அக்காவும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.காம். சேர்ந்தார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி யார் என்பதில் எங்கள் இருவருக்கும் இப்போது போட்டி நடந்து கொண்டிருக்கிறது.

சேரும் முன் ஒரு செய்தியை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே ஆண்டில் பட்டம் வாங்கித் தருவதாகக் கூறி, மொத்தமாக ஒரு பெருந்தொகை கேட்ட ஓர் இடைத்தரகரும் அக்காவைத் தேடி வந்தார். இளநிலைப் பட்டத்துக்கு மூன்றாண்டுகள் வேண்டும். தொலைநிலைப் படிப்புகளைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகரித்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும் தோன்றியவை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புவோருக்காகவே இவை போன்ற நிறுவனங்கள் இருக்கும்போது இடைத்தரகருக்கு என்ன வேலை?

இனிக் கணக்குக்கு வருவோம். "ஃபீஸ் எவ்வளவு?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி. எங்கள் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். தேர்வுக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு 4,800 ரூபாய் என்று அக்கா சொன்னதும், "அவ்வளவுதானா!" என்று அப்பா மகிழ்ந்து போனார். ஆனால் வகுப்புகள் வார இறுதியில் நடப்பவை. சனிக்கிழமை நூல் கடையில் மூச்சுவிட நேரமில்லாத நாள். அக்காவின் சம்பளம் மாதம் 9,500. இருபத்தாறு வேலை நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 365 ரூபாய். மாதம் இரண்டு சனிக்கிழமை வகுப்பு, தேர்வுக்குப் பத்து நாள், ஆக ஆண்டுக்கு 34 நாள் சம்பளம் பிடிப்பு. பெருக்கினால் 12,410 ரூபாய். கட்டணத்தைப்போல் இரண்டரை மடங்கு! பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துச் செலவு குறைவு. ஆயினும் புத்தகம், நகல் எடுத்தல், வெளியூர்த் தேர்வு மையம் என 1,700 ஆகிவிடுகிறது.

இத்தோடு கணக்கு முடிந்ததா என்றால் இல்லை. அக்கா வகுப்புக்குப் போகும் நாளில் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் யார் பார்ப்பது? அம்மாதான். அன்று அம்மா அரை நாள்தான் தார் சுற்ற முடியும். அம்மாவின் வாரக் கூலி 1,400. அரை நாளுக்கு ஏறத்தாழ 117 ரூபாய். 34 நாளுக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பொருளியலார் இதனை வாய்ப்புச் செலவு என்பர். எங்கள் வீட்டில் இதற்குப் பெயரே கிடையாது. ஏனெனில் அம்மாவின் நேரத்தை யாரும் செலவாக எழுதியதே இல்லை. நோட்டில் நான் "அம்மா: 4,000" என்று எழுதியபோது அம்மாவே, "எனக்கு எதுக்குக் கண்ணு இத்தனை எழுதறே, நான் என்ன பீஸா கட்டறேன்?" என்றார். அக்காவின் படிப்புக்குக் கட்டணம் கட்டுவோரில் அம்மாவும் ஒருவர் என்பதற்கு அந்த ஒரு வரிதான் வீட்டில் உள்ள எழுத்துச் சான்று.

ஆக 4,800, 1,700, 12,410, 4,000. மொத்தம் 22,910 ரூபாய். இதில் பல்கலைக்கழகத்துக்குப் போவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. மீதி நான்கு பங்கும் வராமற்போன வரவும் வழிச் செலவும். பதினெட்டு வயது மாணவிக்கும் முப்பது வயது மாணவிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நான் கல்லூரிக்கு வருவதால் வீட்டில் எந்தச் சம்பளமும் நிற்பதில்லை. அக்கா வகுப்பில் உட்கார்ந்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு விலை இருக்கிறது.

உதவித்தொகையிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் படித்த எனக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. அக்கா படித்ததும் அதே அரசுப் பள்ளி, அதே வகுப்பறை. தொலைநிலையில் படிப்பவர் என்பதால் அவருக்கு அது இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை; என் போன்றோர் பள்ளியோடு நின்றுவிடாமல் இருக்கவே அத்திட்டம் வந்தது. ஆனால் ஏற்கனவே நின்றுவிட்டவர்களுக்கும் ஒரு வழி பிறந்தால் எத்தனை அக்காமார் வருவார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வள்ளுவர் வருவாய் சிறிதானாலும் கேடில்லை, செலவு அதைவிட விரியாதிருந்தால் போதும் என்னும் கருத்தை வலியறிதல் என்ற அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொல்லிய அதிகாரம் அது. வரவு செலவை அவர் சிக்கனம் என்று பாராமல் வலிமை என்று பார்த்தது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கூலி வீட்டுக்காரர்களாகிய நாங்கள் அதனுடன் தேதி என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் வரவு செலவைத் தாண்டி நிற்கும். ஆனால் ஜூலையில் கேட்கும் பணம் அக்டோபரில்தான் வரும். கட்டணமோ "கடைசி நாள்" என்று ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கும். அந்த மூன்று மாத இடைவெளியில்தான் வட்டிக்காரர் வாழ்கிறார்.

2024 ஜூலையில் எங்களுக்கு ஒரே மூச்சில் 9,000 ரூபாய் தேவைப்பட்டது. கட்டணம் 4,800, பாடங்களைப் பார்ப்பதற்குப் பழைய கைப்பேசி ஒன்று 4,200. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது தண்டல். எங்கள் தெருவில் மிகவும் பழக்கமானது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் ஒன்பதாயிரம் தருவார்கள். நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் அடைக்க வேண்டும். "நூற்றுக்குப் பத்துதானே வட்டி" என்று எல்லோரும் சொல்வார்கள். அது அப்படியன்று. வாங்கிய மறுநாளே திருப்பத் தொடங்கிவிடுவதால் அந்த ஒன்பதாயிரமும் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. குறைந்துகொண்டே வரும் நிலுவையை நாள்தோறும் கணக்கிட்டுப் பார்த்தேன். சராசரியாக நம்மிடம் இருப்பது ஏறத்தாழ 4,700 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் வட்டி. மாதத்துக்கு நூற்றுக்கு ஆறு ரூபாய்க்கும் மேல்; ஆண்டுக்கு ஏறத்தாழ 78 ரூபாய்! தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி இவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டம் இருக்கிறது, மாலை ஆறு மணிக்கு வண்டியில் வந்து வாசலில் நிற்பவரும் இருக்கிறார்.

இரண்டாவது, தறி முதலாளியிடம் முன்பணம். இதற்கு வட்டியே கிடையாது. ஆகவே அப்பா இதைத்தான் விரும்பினார். ஏற்கனவே அப்பா பெயரில் 40,000 ரூபாய் முன்பணம் நின்றது. "இன்னொரு பத்து வாங்கிக்கோ" என்று முதலாளியும் தாராளமாகவே சொன்னார். ஆனால் முன்பணம் நிற்கும்வரை அந்தப் பட்டறையை விட்டு வேறு பட்டறைக்குப் போக முடியாது. போவதென்றால் புது முதலாளி பழைய பணத்தைக் கட்டி அப்பாவை மீட்க வேண்டும். அப்போது அப்பாவும் அங்கே மாட்டிக்கொள்வார். எங்கள் தெருக் கோடியில் உள்ள பட்டறையில் அதே வேலைக்கு வாரம் 300 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. அப்பா அங்கே போக முடியாததற்கு ஒரே காரணம் இந்த 40,000. வாரம் 300 என்றால் ஆண்டுக்கு 15,600. நாற்பதாயிரத்துக்கு 15,600 என்றால் நூற்றுக்கு 39. வட்டியில்லாக் கடன் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லி வந்ததன் வட்டி இது. நான் இதை எழுதிக் காட்டியபோது அப்பா வெகுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருபது வருசமா இதை யாரும் போட்டுக் காட்டலியே" என்றார்.

மூன்றாவது நகைக் கடன். அக்காவின் தோட்டைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. 9,000 ரூபாய்க்கு மூன்று மாதத்துக்கு 270 ரூபாய். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எதை எடுப்பது என்று கேட்கவே வேண்டாம். ஆனால் இதற்குத்தான் வீட்டில் எதிர்ப்பு மிகுதி. "நகையைக் கொண்டு போய் வெச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார் அம்மா. தண்டல்காரர் நூறு நாளும் வாசலில் வந்து பெயர் சொல்லி அழைப்பதை அதே நாலு பேரும் பார்ப்பார்களே என்று அக்கா கேட்டார். அதற்கு மறுமொழி இல்லை. தோடு போயிற்று, அக்கா மூன்று மாதம் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு வேலைக்கும் வகுப்புக்கும் போனார். அக்டோபரில் அப்பாவுக்குத் தீபாவளி போனஸ் வந்ததும் முதற் காரியமாகத் தோட்டை மீட்டோம். நகையை வைப்பவர் மீட்கும் பணம் எங்கிருந்து எந்தத் தேதியில் வரும் என்பதை வைக்கும் அன்றே எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையேல் வட்டிமேல் வட்டி ஏறி ஏல அறிவிப்பில்தான் போய் முடியும். எங்கள் தெருவில் அப்படிப் போன நகைகள் பல.

சீட்டைப் பற்றிச் சொல்லவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். தெருப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சீட்டு ஒன்றில் அம்மா இருக்கிறார். ஏலச்சீட்டில் முதல் மாதங்களில் எடுப்பவர் தள்ளு கொடுத்துக் கடன் வாங்குகிறார். கடைசியில் எடுப்பவர் அந்தத் தள்ளில் பங்கு வாங்கிச் சேமிக்கிறார். ஒரே சீட்டு ஒருவருக்குக் கடன், ஒருவருக்குச் சேமிப்பு. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டானால் முறையிட ஓர் இடம் உண்டு. தெருச் சீட்டுக்கு அம்மாவின் நம்பிக்கை ஒன்றே பிணை. அதனால் அக்காவின் கட்டணத்தை அதை நம்பி வைக்கவில்லை.

அடுத்த ஆண்டும் தோட்டை வைக்கக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். அப்போதுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். வாரக் கூலி வீட்டுக்கு ஆண்டு என்பது பன்னிரண்டு மாதமன்று, ஐம்பத்திரண்டு வாரம். பன்னிரண்டை நான்கால் பெருக்கினால் 48. மீதி நான்கு சனிக்கிழமைகள் எங்கே போகின்றன? ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் போகின்றன. வாடகை, மின் கட்டணம், பள்ளிச் செலவு, சீட்டு எல்லாம் மாதத்துக்கு ஒருமுறை. அவற்றை நான்கு வாரக் கூலியிலேயே எப்படியோ முடித்துவிடுகிறோம். ஐந்தாவது சனிக்கிழமைக் கூலி வரும்போது, "இந்த மாசம் கொஞ்சம் தாராளமா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அதையும் செலவழித்துவிடுவது எங்கள் வழக்கம்.

2025இல் மார்ச், மே, ஆகஸ்ட், நவம்பர் ஆகிய மாதங்களில் ஐந்து சனிக்கிழமைகள் வந்தன. அப்பா 3,200, அம்மா 1,400. ஒரு வாரக் கூலி 4,600. அந்த வாரமும் சாப்பிட வேண்டுமே! காய்கறி, பால், எண்ணெய் என வாரச் செலவு 2,100 போக மீதி 2,500. நான்கு முறைக்கு 10,000 ரூபாய். மார்ச்சும் மேயும் ஜூலைக்கு முன்பே வந்துவிடுவதால் இரண்டும் சேர்ந்து 5,000. இரண்டாம் ஆண்டுக் கட்டணமாகிய 4,800 ரூபாயை யாரிடமும் கை நீட்டாமல் கட்டினோம்.

அந்தப் பணத்தை வீட்டில் வைக்கவில்லை. அம்மாவுக்கு ஜன் தன் திட்டத்தில் தொடங்கிய கணக்கு ஒன்று பயன்படாமல் கிடந்தது. அதில் குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லை, அதற்கு ஏ.டி.எம். அட்டையும் நாங்கள் வாங்கவில்லை. எடுக்க வேண்டுமானால் அம்மா நேரில் போக வேண்டும். அம்மாவுக்கு வங்கிக்குப் போவதென்றால் பயம். இதைவிடப் பாதுகாப்பான பெட்டகம் வேறு உண்டா?

மீதித் தொகைக்கு என் உதவித்தொகையிலிருந்து மாதம் 500 என 6,000. தீபாவளி போனஸில் 4,000. மாமா தம் பேட்டாவிலிருந்து மாதம் 250 அனுப்பி 3,000. மாமா முதலில், "இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப் போறே" என்றவர்தான். லாரி காப்பீட்டுத் தாளை அக்கா வரி வரியாகப் படித்துப் பொருள் சொன்ன நாளிலிருந்து, கேட்காமலே அனுப்புகிறார். எல்லாம் கூட்டினால் 23,000. செலவு 22,910. மிச்சம் 90 ரூபாய். அதை எந்த வங்கியில் போடுவது என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது.

ஆனால் நோட்டில் கூட்டல் சரியாக வந்ததனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2025 நவம்பரில் கடையில், சனிக்கிழமை விடுப்பு இனி இல்லை, வேண்டுமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அக்காவின் 9,500 நின்றால் எந்தச் சனிக்கிழமையும் அதை ஈடு கட்டாது. இரண்டு நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நோட்டை வாங்கி, படிப்பை நிறுத்தினால் மிஞ்சும் தொகையையும் வேலை போனால் குறையும் தொகையையும் அவரே எழுதினார். பிறகு கடைக்குப் போய், வகுப்பு இருக்கும் சனிக்கிழமைக்கு ஈடாக மறுநாள் காலை வந்து சரக்கு இருப்பை எடுத்துத் தருவதாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமையில் அந்த வேலையைச் செய்ய அதுவரை யாரும் முன்வந்ததில்லை. ஒப்புக்கொண்டார்கள், சம்பளப் பிடிப்பும் பாதியாகக் குறைந்தது. ஆனால் அக்காவுக்கு ஓய்வு நாள் என்று ஒன்று இல்லாமற் போய்விட்டது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. "அக்கா: ஞாயிறு" என்று மட்டும் எழுதி, தொகை எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

2026இல் ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்கள் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர். ஜனவரியை நம்ப முடியாது. பொங்கலுக்குத் தறிகள் நின்று அந்த வாரக் கூலி பாதிகூட வராது. மார்ச்சும் இம்முறை இல்லை. ஆகவே மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கு ஜூலைக்கு முன் கைக்கு வருவது மே 30ஆம் தேதிச் சனிக்கிழமை ஒன்றுதான். 2,500 போக 2,300 குறைகிறது. சம்பளப் பிடிப்பு குறைந்ததில் மிஞ்சுவதை மாதந்தோறும் அம்மாவின் கணக்கில் போட்டு வருகிறோம். அப்பாவும் முன்பணத்தில் வாரம் 200 ரூபாய் கழித்துக்கொள்ளுமாறு முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். நாற்பதாயிரத்துக்கு அது இருநூறு வாரம். நான் வகுத்துச் சொல்வதற்கு முன்பே அப்பா சொல்லிவிட்டார், "நாலு வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு."